27 வயசுல போயிட்ட இங்கிலாந்தோட முதல் ஃபுட்பால் கேப்டன்: கத்பர்ட் ஆட்டவே

சில்லி_பாயின்ட்

போன வாரம் ஒரு குவிஸ்ல "இங்கிலாந்து ஃபுட்பால் டீமோட முதல் கேப்டன் யாரு"ன்னு கேட்டாங்க. நான் ரொம்ப கெத்தா பாபி மூர்னு எழுதி முட்டை வாங்கிட்டேன். மூர் 1966ல கப் வாங்குன கேப்டன், முதல் கேப்டன் எப்படிடா ஆவாருன்னு பேப்பரைக் குடுத்த அப்புறம்தான் உறைச்சுது. விடை கத்பர்ட் ஆட்டவே. ஆட்டத்துக்குன்னே நேந்துவிட்ட மாதிரி பேரு.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சவன் ரெண்டு நாளா இதுலயே கிடக்கேன். 1850 ஜூலை 19, டோவர்ல பிறந்திருக்கார். அப்பா சர்ஜன், ஊருக்கு மேயராவும் இருந்தவர். ஒரே பிள்ளை. ஈட்டன் ஸ்கூல்ல படிச்சுட்டு ஆக்ஸ்ஃபோர்டு, பிரேஸ்னோஸ் காலேஜ். யூனிவர்சிட்டிக்காக அஞ்சு விளையாட்டு ஆடியிருக்கார்: ஃபுட்பால், கிரிக்கெட், ராக்கெட்ஸ் (மட்டையால சுவத்துல பந்து அடிக்கிற ஆட்டம்), ரியல் டென்னிஸ் (ரூமுக்குள்ள ஆடுற பழைய டென்னிஸ்), ஓட்டப்பந்தயம். 1872 நவம்பர் 30ல உலகத்தோட முதல் அதிகாரபூர்வ இன்டர்நேஷனல் ஃபுட்பால் மேட்ச்ல இங்கிலாந்து கேப்டன், வயசு 22. அதே வருஷம் ஆகஸ்ட்ல டபிள்யூ.ஜி.கிரேஸ் கூட கப்பலேறி கனடா, அமெரிக்கா போய் கிரிக்கெட் ஆடிட்டு வந்திருக்கார். 1878 ஏப்ரல் 2ல செத்துட்டார். 27 வயசு. கல்யாணம் ஆகி எட்டு மாசம்கூட முழுசா ஆகல, வீட்டம்மா வயித்துல குழந்தை.

கிரேஸைப் பத்தி நம்ம ஊர்ல சின்னப் பசங்களுக்குக்கூட தெரியும், அந்த தாடி ஒண்ணே போதும். கூட ஓப்பனிங் இறங்குன இந்த ஆளைப் பத்தி ஒருத்தருக்கும் தெரியாது. இப்படி ஒருத்தன் இனிமே வருவானாங்கிறதுதான் என் கேள்வி. தெரிஞ்சவங்க வாங்க.

மண்ணடி_மிட்ஃபீல்டர்

தல, தப்பா எடுத்துக்காத. அஞ்சு கேமுன்றியே, அதுல ராக்கெட்ஸும் ரியல் டென்னிஸும் அந்தக் காலத்துல எத்தினி பேரு ஆடியிருப்பான்? ராக்கெட்ஸ் ஆட நாலு பக்கமும் செவுரு கட்டுன தனி ரூம் வோணும். ரியல் டென்னிஸுக்கு அதவிட பெரிய ஹால் வோணும். அந்த ரூமு எங்க இருந்துச்சு? ஈட்டன் மாதிரி ஸ்கூல்ல, பிரபுங்க வூட்ல, பெரிய கிளப்புல. அப்ப போட்டி யாருக்குள்ள? ஒரு தெரு பசங்களுக்குள்ள. நானும் எங்க தெருவுல அஞ்சு கேம்ல சேம்பியன்தான்.

மில்லுல பன்னண்டு மணி நேரம் நின்னவன் பையனுக்கு பிராக்டீஸ் பண்ண ஏது டைமு. காசு வாங்காம ஆடுற அமெச்சூர்னா இன்னா? சோத்துக்கு கவலை இல்லாதவன்னு அர்த்தம். அத்த திறமைன்னு சொல்லாத.

ரிட்டயர்டு_பி.டி_மாஸ்டர்

தம்பி மண்ணடி, நீங்க சொல்றதுல பாதி சரி. ஆனா ராக்கெட்ஸ் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். அந்த ஆட்டம் பிறந்ததே லண்டன்ல கடன் கட்ட முடியாதவங்களைப் பூட்டி வச்ச ஜெயில்கள்லதான். பொழுது போகாம ஜெயில் சுவத்துல பந்தை அடிச்சு அடிச்சு ஆட்டமா ஆக்கினாங்க, அதைப் பெரிய வீட்டுப் பிள்ளைங்க அப்புறம் எடுத்துக்கிட்டாங்க. ஸ்கூல்களுக்கு நடுவுல அதுக்குப் போட்டி ஆரம்பிச்சது 1868ல, முதல் வருஷமே ஜெயிச்சது ஈட்டன், அந்த ஜோடியில ஒருத்தர் இந்த ஆட்டவே.

இன்னொண்ணு, அவர் ஈட்டன்ல கிங்ஸ் ஸ்காலர். பரீட்சை எழுதி இடம் பிடிச்ச பையன். பிரபு வீட்டுப் பிள்ளை இல்ல, டாக்டர் வீட்டுப் பிள்ளை. நம்ம கணக்குல வசதியான மிடில் கிளாஸ்னு வச்சுக்கலாம்.

ஏன் ஒரே ஆளால எல்லாம் ஆட முடிஞ்சுதுன்னா, கோடைல கிரிக்கெட், குளிர்ல ஃபுட்பால், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கல. பல ஊர்ல கிரிக்கெட் கிளப்புக்காரங்களே குளிர்காலத்துல உடம்பு துருப்பிடிக்காம இருக்கத்தான் ஃபுட்பால் டீம் ஆரம்பிச்சாங்க. ஷெஃபீல்டு வெட்னஸ்டே 1820ல கிரிக்கெட் கிளப்பா ஆரம்பிச்சது, ஃபுட்பால் வந்தது 1867ல. மைதானமும் ஒண்ணுதான். எஃப்.ஏ. (இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம்) நடத்தின எஃப்.ஏ. கப் ஃபைனல் நடந்தது கென்னிங்டன் ஓவல் கிரிக்கெட் கிரவுண்டுல. முதல் இன்டர்நேஷனல் ஃபுட்பால் நடந்ததே கிளாஸ்கோவுல பார்ட்டிக் பக்கம் ஹாமில்டன் கிரசன்ட்ங்கிற கிரிக்கெட் கிரவுண்டுல, அது இன்னிக்கும் கிரிக்கெட் கிரவுண்டுதான்.

சில்லி_பாயின்ட்

சார் வந்துட்டீங்களா, இனி இழை தேறிடும்.

அந்த 1872 மேட்சைப் பத்திப் படிச்சதை எழுதுறேன். ஏற்பாடு பண்ணுனது சார்ல்ஸ் ஆல்காக். இந்த ஆளுக்குத் தனி இழையே போடணும், எஃப்.ஏ. செயலாளர் அவர்தான், எஃப்.ஏ. கப் அவரோட ஐடியா, முதல் கப்பை ஜெயிச்ச வாண்டரர்ஸ் கேப்டனும் அவரே, சர்ரே கிரிக்கெட் கிளப் செயலாளரும் அவரே, பின்னாடி 1880ல இங்கிலாந்து மண்ணுல நடந்த முதல் டெஸ்டை ஓவல்ல ஏற்பாடு பண்ணுனதும் அவரேதான், மனுஷன் தூங்கினாரா இல்லையான்னே தெரியல. கிளாஸ்கோ மேட்சுக்கு அவரேதான் கேப்டனா இறங்கியிருக்கணும். காயம் பட்டதால கொடி பிடிச்சு அம்பயரா நிக்க வேண்டியதாப் போச்சு. அந்த இடத்துக்கு வந்தவர்தான் நம்மாளு.

ஸ்காட்லாந்து டீம் பதினோரு பேருமே குயின்ஸ் பார்க் கிளப்காரங்க, ஒருத்தனுக்கு ஒருத்தன் மூஞ்சி பாக்காமலே எங்க நிப்பான்னு தெரியும். இங்கிலாந்துக்காரங்க ஆளுக்கொரு கிளப். அன்னிக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் டே, சனிக்கிழமை, முன்னாடி மூணு நாள் மழை, கிரவுண்டு சேறு. ஒரு ஷில்லிங் டிக்கெட் குடுத்து சுமார் 4,000 பேர் வந்திருக்காங்க. இங்கிலாந்து எட்டு ஃபார்வர்டு வச்சு ஆடியிருக்கு. எட்டு! ஸ்காட்லாந்து ஆறு. இவ்ளோ ஃபார்வர்டு வச்சு ஆடியும் மேட்ச் 0–0. சிரிப்பு வரல?

போட்டோ ஒண்ணுகூட இல்ல. போட்டோகிராபர் வந்திருக்கார், பிரின்ட் காசு குடுத்து வாங்கிக்குவோம்னு உறுதி சொன்னாத்தான் எடுப்பேன்னு நின்னிருக்கார், இவங்க பிடி குடுக்கல, அவரும் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டார். கடைசில 'தி கிராஃபிக்' பத்திரிகையில வந்த கோட்டோவியம்தான் நமக்கு மிச்சம்.

டீக்கடை_தேர்டு_அம்பயர்

எட்டு ஃபார்வர்டு இருந்தும் கோல் இல்லையா?? எங்க ஊரு செவன்ஸ் டோர்னமென்ட்லயே மேட்சுக்கு நாலு கோல் விழும் அண்ணே. பாஸே குடுக்க மாட்டாங்களோ

ரிட்டயர்டு_பி.டி_மாஸ்டர்

அதேதான் தம்பி. அப்போ இங்கிலாந்துல ஃபுட்பால்னா டிரிப்ளிங். பந்து கிடைச்சவன் முடிஞ்ச வரைக்கும் உருட்டிக்கிட்டே போவான், மத்தவங்க பின்னாடியே ஓடுவாங்க, அவன்கிட்ட பந்து போச்சுன்னா பக்கத்துல இருக்கறவன் எடுத்துக்குவான். ஆட்டவேக்கு பேரு வந்ததே டிரிப்ளிங்லதான். பாஸ் குடுத்து ஆடறதை ஒழுங்கா வளத்தது குயின்ஸ் பார்க்கும், இங்கிலாந்துல ராயல் இன்ஜினியர்ஸ் பட்டாளக்காரங்களும்.

கோல் போஸ்டும் இப்ப மாதிரி இல்ல. மேல குறுக்குக் கம்பம் கிடையாது, ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல ஒரு நாடா கட்டியிருப்பாங்க. அந்த கிளாஸ்கோ மேட்ச்லயே ஸ்காட்லாந்து அடிச்ச ஒரு பந்து நாடாவோட மேல் விளிம்புல பட்டுப் போச்சு. வலை வந்தது 1891ல. பெனால்டி கிக்கும் அப்போ இல்ல, ஜென்டில்மேன் வேணும்னே ஃபவுல் பண்ணுவானாங்கிற நம்பிக்கை!

மண்ணடி_மிட்ஃபீல்டர்

அந்த நம்பிக்கை இருக்கே சார், அத்த பத்தியே நான் பேசுறேன். அந்த டீம்ல ஷெஃபீல்டுலேந்து வந்த ஜான் சார்ல்ஸ் கிளெக்குன்னு ஒருத்தர் ஆடுனாரு தெரியுமா? வக்கீலு, கூலி ஆளுகூட இல்ல. அவரே பின்னாடி இன்னா சொன்னாருன்னா, தெற்கத்திக்காரனுங்க என்னாண்ட சரியா பேசவே இல்ல, ஷெஃபீல்டு ஆளுன்னு கண்டுக்கல, பந்தும் பாஸ் பண்லன்னு. ஒரே டீமு, ஒரே நாடு, ஒரே வெள்ளை சட்டை. வக்கீலுக்கே இந்த கதின்னா நெசவு மில்லுல வேலை பாக்குறவன் வந்து நின்னா இன்னா பண்ணியிருப்பானுங்க.

நல்ல முடிவு இன்னான்னா அந்த கிளெக்குதான் அப்பால எஃப்.ஏ.வுக்கே தலைவரு, சர் பட்டமும் வாங்கிக்கினாரு. பேசாத பசங்க ஒருத்தன் பேரும் யாருக்கும் ஞாபகம் இல்ல.

சில்லி_பாயின்ட்

யோவ் அந்தப் பசங்கள்ல ஒருத்தனைப் பத்திதான்யா இந்த இழையே. ஆனா கிளெக் மேட்டர் நான் படிக்கல, நெத்தியடி.

ஓவல்_கிறுக்கன்

ஃபுட்பால்லயே நிக்குறீங்களே, கிரிக்கெட்டுக்கு வாங்கய்யா. 1870 ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் மேட்ச், லார்ட்ஸ், கிரிக்கெட் வரலாத்துல 'கோப்டன் மேட்ச்'னு பேரு. அதுல ஆட்டவே எங்க இருந்தார்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் தெருப் பசங்கன்னு சொல்லுங்க.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஜெயிக்க 179 வேணும். ஆட்டவே ஓப்பனிங். இவர் பேட்டிங் கிரேஸ் மாதிரி விளாசுற டைப் கிடையாது, ஃபுட்பால்ல உருட்டிக்கிட்டு ஓடுற அதே மனுஷன் பேட்டைப் பிடிச்சா ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுவார், மேடு பள்ளமா இருக்குற அந்தக் காலத்து பிச்சுல நிக்கிறதே பெரிய விஷயம், ஒரு பந்து தரையோட உருளும் அடுத்தது மூக்குக்கு வரும். நின்னு நின்னு 69 அடிச்சார். 3 விக்கெட்டுக்கு 150ஐத் தாண்டியாச்சு, லார்ட்ஸ்ல இருந்த எல்லாருக்கும் மேட்ச் முடிஞ்சுதுன்னுதான் நினைப்பு. அங்கதான் ஆட்டவே அவுட். அவர் போனதும் சீட்டுக்கட்டு சரியுது. இருந்தாலும் கேம்பிரிட்ஜ் பவுலர் கோப்டன் கடைசி ஓவரைப் போட வரும்போது 4 ரன்தான் பாக்கி, கையில 3 விக்கெட். முதல் பந்து சிங்கிள். இன்னும் 3. ரெண்டாவது பந்து பட்லர் தூக்கி அடிச்சார், கேட்ச். மூணாவது பந்து பெல்ச்சர், போல்டு. நாலாவது பந்து ஸ்டூவர்ட், போல்டு. ஹாட்ரிக், முடிஞ்சுது, 176 ஆல் அவுட், கேம்பிரிட்ஜ் 2 ரன்ல ஜெயிச்சுது.

எனக்கு என்ன வருத்தம்னா ஊரே கோப்டன் பேரைச் சொல்லுது, 69 அடிச்சவன் பேரு எங்கயுமே இல்ல. தோத்துப்போன பக்கத்துல அரை சதம் அடிக்கிறது மாதிரி ஒரு சாபம் கிடையாது. அப்புறம் அந்த கேட்ச் குடுத்த பட்லர் அடுத்த வருஷமே இதே போட்டியில ஒரே இன்னிங்ஸ்ல பத்து விக்கெட்டும் எடுத்து கணக்கைத் தீத்துட்டார். ஆட்டவேக்கு அப்படி ஒரு பழிவாங்கல் அமையல, ஆனா 1873ல ஆக்ஸ்ஃபோர்டு கேப்டனா இருந்து கேம்பிரிட்ஜைத் தோக்கடிச்சார்.

ஸ்கூல் படிக்கும்போதே, 1869ல, லார்ட்ஸ்ல ஹாரோ ஸ்கூலுக்கு எதிரா 108. கென்ட்டுக்கும் மிடில்செக்ஸுக்கும் ஆடியிருக்கார், விக்கெட் கீப்பிங்கும் செய்வார்.

டீக்கடை_தேர்டு_அம்பயர்

அப்போ ஃபுட்பால் கிரிக்கெட் ரெண்டுலயும் இங்கிலாந்துக்கு ஆடுன முதல் ஆளு இவருதானா

ஓவல்_கிறுக்கன்

இல்ல தம்பி. முதல் டெஸ்டே 1877 மார்ச்லதான், மெல்போர்ன்ல. ஆட்டவே நல்லா ஆடுன காலத்துல இங்கிலாந்துக்காகக் கிரிக்கெட் ஆடுறதுக்கு டெஸ்ட்னு ஒண்ணே கிடையாது. ரெண்டுலயும் ஆடுன முதல் ஆளு ஆல்ஃபிரட் லிட்டல்டன், 1877ல ஃபுட்பால், 1880ல டெஸ்ட். அவரும் கேம்பிரிட்ஜுக்காக அஞ்சு விளையாட்டு. 1884ல ஓவல்ல நடந்த டெஸ்ட்ல ஆஸ்திரேலியாவை யாராலயும் அவுட் ஆக்க முடியாம, கீப்பரா இருந்த இவர் கிளவுஸைக் கழட்டிட்டு வந்து கையைக் கீழ வச்சு லாப் பந்து போட்டு 19 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார், அந்த நேரம் கீப்பிங் செஞ்சது கிரேஸ். கிரேஸ் பிடிச்ச கேட்ச்லயே ஒரு விக்கெட்.

இந்த வரிசையில கடைசி ஆளு ஆர்தர் மில்டன், 1951ல ஃபுட்பால், 1958ல டெஸ்ட். அதோட கடையைச் சாத்திட்டாங்க.

மண்ணடி_மிட்ஃபீல்டர்

லிட்டல்டன் பேரை எடுத்தியா, நல்லதா போச்சு. 1877ல ஸ்காட்லாந்து மேட்ச்ல இவரு பந்தை யாருக்கும் குடுக்காம தானே உருட்டிக்கினு போனாராம். ஷெஃபீல்டுலேந்து வந்த பில்லி மோஸ்ஃபர்த் இன்னா சார் பாஸ் பண்ணக்கூடாதான்னு கேட்டதுக்கு, நான் என் சந்தோஷத்துக்கு மட்டும்தான் ஆடுறேன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னாராம். 1872ல கிளெக்கு, அஞ்சு வருஷம் கழிச்சு மோஸ்ஃபர்த்து. ரெண்டு பேரும் ஷெஃபீல்டு. இதான் அமெச்சூர். நாட்டுக்கு ஆடும்போது நீ இன்னா உன் சந்தோஷத்துக்கு ஆடுறது?

சில்லி_பாயின்ட்

லிட்டல்டன் சொன்னதுக்கு ஆட்டவேயைப் பிடிச்சு அடிக்காத ப்ரோ. இவர் அப்படிச் சொன்னதா எங்கயும் நான் பாக்கல.

ஆனா ஒண்ணு யோசிச்சேன், "என் சந்தோஷத்துக்கு ஆடுறேன்"ங்கிற வார்த்தை இன்னிக்கு எந்த பிளேயர் வாயிலயாவது வருமா? திமிருதான், ஒத்துக்கறேன். இருந்தாலும் கேக்க ஒரு மாதிரி நல்லாவும் இருக்கு.

கில்பர்ன்காரன்

வணக்கம் எல்லாருக்கும். கனநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான், இந்த இழையைக் கண்ட உடனை எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சுது. நான் லண்டனிலை கில்பர்னுக்குக் கிட்டத்தான் இருக்கிறன், ஏன் இதைச் சொல்லுறன் எண்டு கடைசியிலை சொல்லுறன்.

1872 கனடாப் பயணத்தை ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்லை. லோர்ட்ஸ் மைதானத்துக் கிளப்பான எம்.சி.சி.யின்ரை செயலாளர் ஃபிட்ஸ்ஜெரல்ட் கூட்டிக்கொண்டு போன டீம், பன்னிரண்டு பேரும் அமெச்சூர்மார். மொன்றியல், ஒட்டாவா, டொரொன்டோ, லண்டன் (கனடா லண்டன்), ஹமில்டன் எண்டு போய் பிறகு நியூயோர்க், ஃபிலடெல்ஃபியா, பொஸ்டன். எதிர்ப்பக்கம் இருபத்திரண்டு பேர் ஆடுவினம்! அவ்வளவு பேர் ஃபீல்டிங் நிண்டால் பந்து எங்கை போறது. அப்பிடி இருந்தும் கிறேஸும் ஆட்டவேயும்தான் அடிக்கடி முதல் இறங்கினது. ஃபிலடெல்ஃபியாவிலை மட்டும் நல்லாத் திணறி 3 விக்கெட்டாலை தப்பிச்சவை. ஆட்டவே ஒட்டாவாவிலை ஆடேக்கை ஸ்கோர் எழுதினவன் குழம்பியிருப்பான்.

ஒவ்வொரு ஊரிலையும் விருந்து, கிறேஸ் எழும்பி ஒரே பேச்சைத்தான் பேசுவாராம். இதை விட நல்ல பௌலிங்கை நான் கண்டதில்லை எண்டு ஓர் ஊரிலை, அடுத்த ஊரிலை பௌலிங்கை எடுத்துப்போட்டு மைதானம், பிறகு பெண்கள், பிறகு சிப்பி மட்டி. மிச்சம் ஒரு சொல்லும் மாறாது.

அந்த ஹமில்டன் ஊர்ப் பிள்ளையைத்தான் ஆட்டவே கலியாணம் செய்தவர். மேரியன் ஸ்டின்சன், 1877 ஓகஸ்ட்.

இன்னொரு விசயம், அந்த டீமிலை இருந்த இளம் ஹரிஸ் பிரபு பிறகு இங்கிலாந்து கப்டன், பம்பாய் கவர்னர் எண்டு வந்தவர். அவற்றை அப்பா 1854இலை இருந்து 1859 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். உங்கடை ஊர்ச் சம்பந்தம் அவ்வளவுதான்.

ஓவல்_கிறுக்கன்

அடேங்கப்பா. ஹாரிஸோட அப்பா நம்ம மெட்ராஸ் கவர்னரா! கோட்டைப் பக்கம் போகும்போது இனி நினைச்சுக்கறேன்.

அப்போ அக்டோபர்ல கப்பல்லேர்ந்து இறங்கி நவம்பர் 30ல கிளாஸ்கோவுல ஃபுட்பால் கேப்டன். பெட்டியைப் பிரிச்சாரா இல்லையா?

மண்ணடி_மிட்ஃபீல்டர்

ரெண்டு மாசம் காலேஜுக்கும் போவாம வேலைக்கும் போவாம அமெரிக்கா சுத்திட்டு வர்றதுக்கு யாரால முடியும்னு நான் கேக்கவே இல்ல பாத்தியா, நல்ல புள்ளையா இருக்கேன்.

கிரேஸ் கதையும் சொல்லிடுறேன். பேருக்கு அமெச்சூர். 1873–74ல ஆஸ்திரேலியா போறதுக்கு 1500 பவுண்டு வாங்கிக்கினாரு, அதே கப்பல்ல போன புரொஃபஷனலுக்கு அதுல பத்துல ஒரு பங்கு சொச்சம்தான். அதுவும் அவனுங்களுக்கு கப்பல்ல மட்டமான இடம். கிரவுண்டுல உள்ள வர்ற கேட்டு வேற, டிரெஸ்ஸிங் ரூம் வேற, ஸ்கோர் கார்டுல இனிஷியலு போடுற இடம்கூட வேற. அமெச்சூருக்கு இனிஷியல் முன்னாடி, புரொஃபஷனலுக்கு பின்னாடி. 1950ல டிட்மஸ்ன்ற புரொஃபஷனல் பேரை மாத்தி போட்டதுக்கு லார்ட்ஸ் மைக்குல "எஃப்.ஜே.டிட்மஸ் இல்ல, டிட்மஸ் எஃப்.ஜே.ன்னு படிக்கணும்"னு அறிவிப்பு குடுத்தானுங்களாம். அறிவிச்சு திருத்துற அளவுக்கு அது பெரிய தப்பு! 1962 வரைக்கும் இந்தக் கூத்து ஓடுச்சு.

ஃபுட்பால்ல சீக்கிரம் ஒடைஞ்சிடுச்சு. 1883 ஃபைனல்ல பிளாக்பர்ன் ஒலிம்பிக், மில்லு ஆளும் பட்டறை ஆளுமா இருந்த டீமு, ஈட்டன்ல படிச்சு முடிச்சவனுங்க டீமு, ஆட்டவே ஆடுன அதே ஓல்டு ஈட்டோனியன்ஸ 2–1ல சாச்சிட்டு கப்ப வடக்க தூக்கினு போனாங்க. ஃபைனலுக்கு முன்னாடி பிளாக்பூல் கடற்கரைல போய் தங்கி பிராக்டீஸ் பண்ணானுங்க. ரெண்டு வருஷத்துல, 1885 ஜூலைல, காசு வாங்கினு ஆடலாம்னு எஃப்.ஏ.வே சட்டம் போட்டாச்சு. அவனுங்க காலம் முடிஞ்சுது.

சில்லி_பாயின்ட்

இதுதான் எனக்கும் தோணுது, அதை நீ சண்டை மாதிரி சொல்ற. ஆட்டவே ஆடுனது 1868லேர்ந்து 1876 வரைக்கும். அதுக்கு ஒரு அஞ்சு வருஷம் முன்னாடி பிறந்திருந்தா இன்டர்நேஷனல் மேட்ச் இல்ல, எஃப்.ஏ. கப் இல்ல. பத்து வருஷம் பின்னாடி பிறந்திருந்தா பிளாக்பர்ன்காரன் சாச்சிருப்பான், ஏதாவது ஒரு கேமைத்தான் பிடிச்சுத் தொங்கியிருக்கணும். நடுவுல ஒரு சின்ன இடுக்கு, அதுல சரியா போய் உக்காந்திருக்கார். வசதி இல்லாம அந்த இடுக்குல நுழைஞ்சிருக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா அதே வசதியோட அதே ஈட்டன்ல அதே வருஷத்துல எத்தனை பேர் படிச்சான், அஞ்சு கேம் ஆடுனது இவன் ஒருத்தன்தானே?

1874 மார்ச் மாசத்தைப் பாரு. 7ஆம் தேதி கிளாஸ்கோவுல ஸ்காட்லாந்துகிட்ட கேப்டனா 2–1ல தோக்குறார். ரயிலேறி வந்து 14ஆம் தேதி ஓவல்ல எஃப்.ஏ. கப் ஃபைனல், ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி கேப்டன், ராயல் இன்ஜினியர்ஸை 2–0ல ஜெயிக்கிறாங்க, ரெண்டு கோலும் முதல் இருபது நிமிஷத்துலயே. மாசக் கடைசில ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் முதல் ஃபுட்பால் மேட்ச், அதுலயும் கேப்டன், 1–0. நாலு வாரத்துல ஒரு தோல்வி, ஒரு கப், ஒரு ஜெயம்.

மொத்தம் வரிசையா மூணு ஃபைனல். 1873ல வாண்டரர்ஸ்கிட்ட 2–0 தோல்வி, அந்த மேட்சை லில்லி பிரிட்ஜ் கிரவுண்டுல காலைலயே வச்சாங்க, ஏன்னா அன்னிக்கு மத்தியானம் தேம்ஸ்ல ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி, கூட்டம் அங்க ஓடணும். கப் ஃபைனல் படகுப் போட்டிக்கு வழி விட்ட காலம்!

ரிட்டயர்டு_பி.டி_மாஸ்டர்

1875 ஃபைனலையும் சொல்லிடுங்க, அதுதான் அவரோட பெரிய ஆட்டங்கள்ல கடைசின்னு சொல்லலாம். ஓல்டு ஈட்டோனியன்ஸுக்காக, மறுபடி ராயல் இன்ஜினியர்ஸோட. அன்னிக்கு ஓவல்ல பேய்க்காத்து. அப்போ ஒரு விதி இருந்தது, யாராவது கோல் போட்டா உடனே ரெண்டு டீமும் பக்கம் மாறணும். காத்தை முதுகுல வச்சு ஈட்டோனியன்ஸ் கோல் போட்டாங்க, உடனே பக்கம் மாறிச்சு, இன்ஜினியர்ஸுக்குக் காத்து கிடைச்சது, ரெனி-டெய்லூர் உடனே திருப்பிப் போட்டார், மறுபடி மாறிச்சு. இப்படியே 1–1. நடுவுல ஆட்டவே கால்ல அடிபட்டு வெளிய வந்தார். மாத்து ஆள் கிடையாது, மிச்சப்பேரோட ஆடித்தான் ஆகணும். மூணு நாள் கழிச்சு நடந்த மறு ஆட்டத்துல ஈட்டோனியன்ஸ்ல சில பேர் வரவே இல்ல, 2–0 தோல்வி.

எனக்கு முப்பது வருஷ அனுபவத்துல தெரியும், கணுக்கால் போச்சுன்னா டிரிப்ளிங் ஆடறவன் கதை முடிஞ்சுது. பாஸ் குடுக்கறவன் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

டீக்கடை_தேர்டு_அம்பயர்

கோல் போட்டா தண்டனையா, காத்து போயிடுமா 😂 நம்ம ஊர்ல வெயில் கண்ணுல அடிக்கிற பக்கம்னு சண்டை போடுவோமே அது மாதிரி

சரி எப்படிண்ணே செத்தாரு? 27 வயசுன்னா ஆக்ஸிடெண்ட்டா?

சில்லி_பாயின்ட்

நிமோனியா. 1876ல பாரிஸ்டர் ஆயிட்டார், கோர்ட் வேலைன்னு ஆட்டமும் குறைஞ்சு போச்சு. அடுத்த வருஷம் கனடா போய் கல்யாணம், லண்டன்ல குடித்தனம். ஒருநாள் ராத்திரி முழுக்க நடனம் ஆடிட்டு வேர்வையோட வெளிய வந்து குளிர் பிடிச்சு நெஞ்சுல கட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. ஆன்டிபயாட்டிக் வர இன்னும் அறுபது எழுபது வருஷம் இருக்கு, நிமோனியான்னா படுத்துக்கிட்டு காத்திருக்கறதுதான் வைத்தியம். அப்பா வேற சர்ஜன்.

கிளாஸ்கோ சேத்துல, ஓவல் பேய்க்காத்துல எல்லாம் நின்ன ஆளு.

கொஞ்ச மாசத்துல பொண்ணு பிறந்துச்சு, லிலியன்னு பேரு. மேரியன் குழந்தையோட கனடாவுக்கே போயிட்டாங்க. அவ்ளோதான், டோவர்ல ஒரே பிள்ளையா பிறந்தவரோட கதை பேச இங்கிலாந்துல ஆளே இல்லாமப் போச்சு.

மண்ணடி_மிட்ஃபீல்டர்

சரி விடு தல. இதுக்கு நான் ஒண்ணும் சொல்லல.

(ராக்கெட்ஸ் விஷயத்துல மட்டும் என் கருத்து மாறாது.)

கில்பர்ன்காரன்

நான் கில்பர்ன் எண்டு முதலே சொன்னதுக்குக் காரணம் இதுதான். அவரை அடக்கம் செய்தது பாடிங்டன் பழைய சேமக்காலையிலை, வில்ஸ்டன் லேனிலை இருக்குது, என்ரை வீட்டிலை இருந்து நடை தூரம். எத்தினையோ வருசமாக் கவனிப்பார் இல்லாமல் கிடந்த கல்லறை, 2013இலைதான் காசு சேர்த்துப் புதுக் கல் வைச்சவை. இந்த இழையை வாசிச்ச பிறகுதான் எனக்கு ஓடி வெளிச்சது, நான் கிழமைக்கு மூண்டுதரம் காலமை நடக்கிறது அதுக்குள்ளாலைதான். பத்து வருசமா அந்தாளைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறன்.

ரிட்டயர்டு_பி.டி_மாஸ்டர்

ஐயா, அடுத்த தடவை போகும்போது ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. கிளாஸ்கோவுலதான் யாரும் எடுக்கல.

கில்பர்ன்காரன்

சனிக்கிழமை போறன் மாஸ்டர். பிரின்டுக்குக் காசு கேக்க மாட்டன்.